நிலாவெளி புறாத்தீவில் ஸ்நோர்கலிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, டிசம்பர் லீவில் கனடாவிலிருந்து வருகிறோம். அப்போது திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு ஸ்நோர்கலிங் செய்ய, அதாவது முகக்கண்ணாடியும் மூச்சு விடும் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்க்க, போகலாமா?

வேண்டாம். மார்கழியில் வாடைக்காற்று, மழை, கலங்கல் தண்ணீர்; போட் போனாலும் முகத்தை உள்ளே வைத்தால் ஒன்றும் தெரியாது. மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம். டிசம்பரை விட்டால் லீவே இல்லையென்றால் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்குப் போங்கள், அந்தப் பக்கக் கடல் அப்போதுதான் அடங்கியிருக்கும்.

கேள்வி: எனக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போதுமா?

மிதக்கப் போதும், பதறாமல் இருக்கப் போதாது. எடுத்தவுடன் ஆழத்துக்குப் போகாமல் இடுப்பளவுத் தண்ணீரில் மணல் உள்ள இடமாக நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்திக் குழாய் வழியாக வாயால் மூச்சு விடப் பழகுங்கள். முகக்கண்ணாடி விளிம்புக்குள் நாலு முடி மாட்டினாலே தண்ணீர் கசியும், மீசை இருந்தால் இன்னும் மோசம், அதனால் முடியை ஒதுக்கிவிட்டுப் பட்டியை இறுக்குங்கள். உள்ளே எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது (அருவருப்பு பார்த்தால் மீன் பார்க்க ஏலாது). பயந்தவர்கள் செய்கிற முதல் வேலை, பக்கத்திலிருக்கும் முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நிற்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது உயிருள்ளது, ஒரு கிளை முறிந்தால் திரும்ப வளர வருஷக்கணக்காகும், உங்கள் காலும் கிழியும். களைத்தால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள்.

கேள்வி: சுறா இருக்காமே? பிள்ளைகளோடு வரப் பயமாக இருக்கிறது.

இருக்கிறது, துடுப்பு நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பு இருக்கும் சுறா. கூச்ச சுபாவம், துரத்தாவிட்டால் தன் வழியில் போய்விடும். எனக்கு அதைவிட வெயிலில்தான் பயம். குப்புற மிதக்கும்போது முதுகு வேகுவது தெரியாது, பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கேள்வி: டிக்கெட், சாப்பாடு?

டிக்கெட் கரையிலுள்ள வனஜீவராசிகள் திணைக்களக் கவுண்டரில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டென்றால் கட்டணம் அதிகம். போட்டுக்குத் தனிக் காசு. கண்ணாடி வாடகை அதில் சேர்த்தியா, எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவார்கள் என்பதை ஏறுமுன்பே பேசுங்கள். தீவில் கடையில்லை, குடிதண்ணீர் கொண்டுபோங்கள், போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். காலையில் முதல் போட்டில் போனால் நல்லது, சனி ஞாயிறில் பத்து மணிக்கு மேல் மணலைக் கிளறியே தண்ணீரைக் கலக்கிவிடுவார்கள்.

கேள்வி: புறா உண்மையாகவே இருக்கிறதா?

பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் இருக்கின்றன. தீவை 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் செத்த முருகைத் துண்டு ஒன்றை எடுத்து வரலாமா?

கூடாது, சட்டப்படியும் குற்றம். அப்புறம், அந்தத் துண்டுகள்தான் கரை முழுக்க விரல் விரலாகக் குத்தும், செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.