22 வயதில் தாத்தா ஆனவர்

கேள்வி: அமெரிக்க கண்ட்ரி இசையில் பாட்டு, காமெடி இரண்டிலும் பெயர் வாங்கியவர் யார்?

யோசிக்காமல் சொல்வேன், கிராண்ட்பா ஜோன்ஸ்.

இயற்பெயர் லூயிஸ் மார்ஷல் ஜோன்ஸ், 1913-ல் கென்டக்கியில் பிறந்தவர். 'தாத்தா' பட்டம் வந்தபோது அவருக்கு 22 வயதுதான்! பிராட்லி கின்கெய்ட் என்ற பாடகரோடு பாஸ்டன் வானொலியில் விடிகாலை நிகழ்ச்சி, ராத்திரிக் கச்சேரி முடித்த தூக்கக் கலக்கத்தில் மைக் முன்னால் சிடுசிடுப்பார், கேட்டவர்களுக்கு யாரோ வயசானவர் மாதிரி இருந்திருக்கிறது. கின்கெய்ட் அதையே பிடித்துக்கொண்டு 'கிராண்ட்பா', அதாவது தாத்தா, என்று பெயர் வைத்துவிட்டார். பழைய பூட்ஸ், ஒட்டுமீசை, முகத்தில் வரைந்த சுருக்கம் என்று தொடங்கியது, நிஜச் சுருக்கம் விழுந்த பிறகும் அதே தாத்தாதான்.

இதை வைத்து அவரை வெறும் காமெடியன் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அவர் பாஞ்சோவை, அதாவது வட்ட முகமும் நீளக் கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியத்தை, வாசிப்பதைக் கேளுங்கள். கசின் எம்மி என்ற பெண் கலைஞரிடம் கற்ற வாசிப்பு அது: நகத்தால் தந்தியை மேலிருந்து தட்டி, குட்டையான ஐந்தாம் தந்தியைக் கட்டைவிரலால் சுண்டுகிற பழைய மலைநாட்டு முறை. 1945-க்கு அப்புறம் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இன்னொரு பாஞ்சோ கலைஞரின் மூன்று விரல் வேகத்துக்குப் பின்னால் எல்லாரும் ஓடியபோதும் இவர் மாறவில்லை. 1946-ல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கண்ட்ரி இசை மேடை, வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் சேர்ந்தார். 1978-ல் கண்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் வந்தது.

1969-ல் ஆரம்பித்த 'ஹீ ஹா' டிவி நிகழ்ச்சிதான் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. கண்ணாடியே இல்லாத ஒரு ஜன்னலைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார், "தாத்தா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்று எல்லாரும் கத்துவார்கள், துடைப்பதை நிறுத்திவிட்டு நாட்டுப்புறச் சாப்பாட்டு வகைகளை எதுகையோடு அடுக்குவார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், பசியும் வரும்.

அதே நிகழ்ச்சியில் இருந்த ஸ்ட்ரிங்பீன், இவரைப் போலவே பாஞ்சோ வாசிக்கும் காமெடியன், பக்கத்து வீட்டுக்காரர், நெருங்கிய நண்பர். 1973 நவம்பரில் அவரையும் அவர் மனைவியையும் திருட வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் ஜோன்ஸும் ஸ்ட்ரிங்பீனும் வேட்டைக்குப் போவதாக இருந்தது, காலையில் கூப்பிடப் போன ஜோன்ஸ்தான் உடல்களைப் பார்த்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த ஜன்னல் முன்னால் நின்று ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது அவர் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

1998 ஜனவரியில் ஒரு ராத்திரி, ஆப்ரியில் இரண்டாவது காட்சியும் முடித்த பிறகு பக்கவாதம் வந்து, பிப்ரவரி 19 அன்று போய்ச் சேர்ந்தார். வயது 84.