உடம்பெல்லாம் மயிராக, 3 மில்லிமீட்டர் நீளத்தில் மரவட்டை இருக்க முடியுமா?

இருக்கிறது. பாலிக்ஸெனிடே குடும்பம். நாம் பார்த்துப் பழகிய, தொட்டால் சுருளும் வழவழப்பான மரவட்டையை மறந்துவிடுங்கள். இவற்றுக்குச் சுண்ணாம்பு ஏறிய கெட்டி ஓடு கிடையாது, நாற்றமடிக்கும் திரவமும் கிடையாது. மென்மையான உடம்பு, வரிசை வரிசையாகச் சிறு மயிர்கள், வாலில் வெள்ளைக் குஞ்சம். வளர்ந்ததற்குப் பெரும்பாலும் 13 ஜோடிக் கால்கள்தான்.

எங்கே தேடுவது? ஐரோப்பாவில் பரவலான பாலிக்ஸெனஸ் லகுரஸ் என்ற இனம் தளர்ந்த மரப்பட்டைக்கு அடியிலும், பழைய கல்சுவரில் படிந்த பாசியிலும் இருக்கும். பச்சைப்பாசியும் கற்பாசியும்தான் அதன் சாப்பாடு. மண்ணுக்குள் கிடக்கும் ஜீவன் என்ற நினைப்போடு தேடினால் கண்ணில் படாது. லென்ஸ் வைத்துப் பட்டையைப் பாருங்கள்.

அந்த வால் குஞ்சம்தான் இதன் அற்புதம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பைன் மரப்பட்டைக்கு அடியில் எறும்புகளோடு சேர்ந்தே வாழும் ஓர் இனத்தைப் பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரின் குழு ஆராய்ந்து 1996-இல் எழுதியது. எறும்பு கடிக்க வந்தால் மரவட்டை வாலைத் திருப்பி அதன்மேல் ஒரு தேய்ப்பு. மயிர்கள் கழன்று எறும்பின் உடலில் ஒட்டிக்கொள்கின்றன. மயிரின் நுனியில் கொக்கி, தண்டில் முள். எறும்பு துடைக்கத் துடைக்க மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கி, கால்களையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிடும். தப்பிக்க முடியாமல் சாகும் எறும்புகளும் உண்டு. விஷமே இல்லாமல்!