மாலையைக் கழற்றிய பிறகு

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வயது 43. பத்து வருடமாகக் குடி. ஆண்டுதோறும் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். 48 நாளும் ஒரு சொட்டுத் தொட மாட்டேன். மாலையைக் கழற்றிய அன்றே பழைய கதை. இப்போது காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் தராசு பிடிக்கும் கை நிற்கிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் நண்பர் ஒருவர். அது சர்ச் பள்ளிக்கூடத்தில் நடக்கிறதாம். மதம் மாற்றுவார்களா? தெரிந்தவர் பார்த்துவிட்டால் மார்க்கெட்டில் தலைகாட்ட முடியுமா? அங்கே போய் என்ன பேசுவது? இதற்கிடையே, குடியை மறக்க மாமியார் குழம்பில் ஏதோ பொடி கலக்கிறாரோ என்றும் சந்தேகம். – பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: பொடியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்தக் கை நடுக்கம். காலையில் ஊற்றினால்தான் கை நிற்கிறது என்றால், உடம்பு அதற்கு அடிமையாகிவிட்டது. இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி ஆளும் இடமும் தெரியாத குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனை கார்த்திகையும் ஒன்றும் ஆகாமல் கடந்தது உங்கள் நல்ல நேரம். அதை நம்பி இன்னொரு முறை இறங்காதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், குடிக்கும் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். (மருத்துவரிடம் அளவைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது குடிப்பவர்களின் பொது வழக்கம்.) மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். ஏ.ஏ. கூட்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அங்கே மருந்தும் கிடையாது, மருத்துவரும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 48 நாளைத்தான். விரதத்தின் பலம் என்பீர்கள். இருக்கட்டும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, எதிரே வருபவரெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிடுவது, நேற்றுவரை பாட்டில் வாங்கிக் கொடுத்தவர்கூட ஒதுங்கி வழிவிடுவது. சபலம் வந்தால் சொல்ல ஒரு குருசாமி இருக்கிறார். கழற்றிய மறுநாள் பஜனையும் இல்லை, குருசாமியும் இல்லை. நீங்கள் மட்டும் தனியாக நிற்கிறீர்கள்.

ஏ.ஏ. என்பது ஏறக்குறைய அந்தக் கூட்டம்தான், மாலையைக் கழற்றும் தேதி மட்டும் கிடையாது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து வியாபாரமாக வந்த பங்குத் தரகர் ஒருவர், பேச்சு முறிந்து ஓட்டலில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. தொலைபேசியை எடுத்து, தன்னைப்போல் குடியில் தத்தளிக்கும் இன்னொருவரைத் தேடினார். கிடைத்தவர் ஓர் அறுவை மருத்துவர். உபதேசம் செய்யத் தேடவில்லை. பேசினால்தான் தானே தப்பிக்க முடியும் என்று தேடினார். இன்றுவரை அதுதான் அங்கே நடக்கிறது.

சேர ஒரே நிபந்தனை, குடியை நிறுத்தும் ஆசை. கட்டணம் இல்லை, தட்டு வந்தால் விருப்பம்போல் போடலாம், போடாமலும் விடலாம். சர்ச் பள்ளிக்கூடம் என்பது சாயங்காலம் காலியாகக் கிடைக்கும் ஓர் அறை, அவ்வளவுதான். கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு, ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே சொல்வார்கள். உங்களுக்கு ஐயப்பன் இருக்கட்டும்.

முதல் நாள் பேச வேண்டியதில்லை. நீங்கள் கன்னிசாமி; உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவாரே என்கிறீர்கள். குடிநோயாளிகள் மட்டும் கூடும் மூடிய கூட்டம் எது என்று கேட்டுப் போங்கள். அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். நான் ஒருமுறை வெளியாருக்கும் அனுமதியுள்ள திறந்த கூட்டத்தில் பின்வரிசையில் இருந்திருக்கிறேன். கேட்டதை இங்கே எழுத மாட்டேன், அது அங்கத்திய கட்டுப்பாடு. டீ மட்டும் நன்றாக இருந்தது என்று சொல்லலாம். அப்படியும் கூச்சமாக இருந்தால் முதல் சில வாரம் திண்டுக்கல் பஸ் ஏறி அங்குள்ள கூட்டத்துக்குப் போங்கள். மதுரையில் தடுக்கி விழுந்தால் மார்க்கெட் ஆள்தான்.

எங்கே, என்று என்பதை இராசாசி மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. அங்கும் வழி கேட்கலாம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகக் கூட்ட விவரம் தேடலாம். இடமும் நேரமும் மாறக்கூடும், கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள்.

கூட்டம் சாயங்காலம் என்றால் உங்களுக்கு அது போதாது. உங்கள் ஆபத்தான நேரம் நண்பகல். விடியலுக்கு முன்பே எழுந்தவர், வியாபாரம் முடிந்து, கையில் பணத்தோடு வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. டாஸ்மாக் திறப்பதும் பன்னிரண்டு. எனவே முதல் கூட்டத்திலேயே பழைய உறுப்பினர் ஒருவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஸ்பான்சர்’ என்பார்கள், உங்களுக்குப் புரியும்படி சொன்னால் குருசாமி. தினமும் பதினொன்றே முக்காலுக்கு அவரைக் கூப்பிடுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டால் மல்லிகை விலையைச் சொல்லுங்கள்.

மனைவிக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அதன் பெயர் அல்-அனான்.

இப்போது மாமியார். அந்தப் பொடி, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிரம் மாத்திரையை இடித்ததாக இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு என்று இதயம் வரை போகலாம். மருத்துவர் சொல்லி, சாப்பிடுபவர் அறிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. அவரிடம் கோபப்படாதீர்கள், மகளுக்காகச் செய்கிறார். டப்பாவைக் கேட்டு வாங்கி, மருத்துவமனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.