பாடகர் குழுவும் வீடும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடி வருகிறேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில், சனிக்கிழமை மாலை ஒன்பது வேதபாடங்களோடு கூடிய கேரல் ஆராதனை, அன்றிரவு விடிய விடிய வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ், ஞாயிறு காலை வழக்கமான ஆராதனை, மாலையில் பல சபைகளின் குழுக்கள் சேர்ந்து பாடும் நிகழ்ச்சி என்று நான்கும் வரிசையாக வருகின்றன. மஸ்கட்டிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வீட்டில் தங்கப் போவதும் அந்த நாட்களில்தான். திங்கட்கிழமை அவர்கள் தம்பி மனைவியின் ஊருக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. “நீ என்னைக்குத்தான் வீட்ல இருப்ப?” என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த ஆண்டு மட்டும் குழுவிலிருந்து விலகிக்கொள்ளலாமா? யார் யாருக்கோ பாடப் போய், வீட்டாரை விட்டுவிடுவது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விலகாதீர்கள். சனிக்கிழமை கேரல் ஆராதனையிலும் ஞாயிறு காலை ஆராதனையிலும் பாடுங்கள். ரவுண்ட்ஸையும் ஞாயிறு மாலை நிகழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். நான்கும் அடுத்தடுத்து வருவதால் ஒரே சுமையாகத் தோன்றுகின்றன. ஆனால் உங்கள் குரலுக்கு இருக்கும் தேவை நான்கிலும் ஒன்றல்ல.

கேரல் ஆராதனையில் நீங்கள் பாடப்போவது நான்கு குரல் இசை. அதில் மெட்டு பெரும்பாலும் பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்ட்டோ நான்கைந்து சொற்களை ஒரே சுரத்தில் சொல்லி, ஒரு படி இறங்கி, மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆலயத்தில் அமர்ந்திருக்கிறவர்களுக்கு அது தனியாகக் காதில் விழாது. ஆனால் ஒரு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாம் சுரம் பல இடங்களில் ஆல்ட்டோவின் கையில்தான் இருக்கிறது. அது விடுபட்டால், மகிழ்ச்சி என்றோ துயரம் என்றோ சொல்ல முடியாத வெற்றொலிதான் மிஞ்சும். நம் சபைகளில் சோப்ரானோவுக்கு ஆள் குறைவதில்லை, ஆல்ட்டோவுக்கு மூன்று பேர் தேறினாலே பெரிது. கடைசி வாரத்தில் அவர்களில் ஒருவர் விலகினால் அந்த இடத்தை இன்னொருவரை நிறுத்தி நிரப்ப முடியாது.

‘யார் யாருக்கோ’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆராதனை முறை பிறந்த கதையைச் சொன்னால் அந்த எண்ணம் மாறும் என்று நம்புகிறேன். 1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில், பேராலயம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் தற்காலிகமாக எழுப்பிய மரக்கொட்டகையில், பேராயர் பென்சன் ஒன்பது வேதபாடங்களையும் கேரல்களையும் கோத்து அதை முதலில் நடத்தினார். அது உலகெங்கும் பரவியது கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் 1918 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடந்த ஆராதனைக்குப் பிறகுதான். முதல் உலகப்போர் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போர்முனையில் படைக்குருவாகப் பணியாற்றித் திரும்பிய எரிக் மில்னர்-வைட் என்ற இளம் குருவானவர் அதை அமைத்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த நாடு அது. அவர் எழுதிய தொடக்க ஜெபம், மறுகரையில், இன்னும் பெரிய ஒளியில் நம்மோடு சேர்ந்து மகிழ்கிறவர்களை நினைக்கச் சொல்கிறது. பிரியமானவர்களை இழந்தவர்களையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட ஆராதனை அது. உங்கள் ஆலயத்திலும் கணவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கும் ஒரு பெண் இருக்கக்கூடும். பிள்ளைகள் யாரும் ஊருக்கு வராத ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவர்களுக்காகப் பாடுவது வீட்டாரைக் கைவிடுவது ஆகாது.

அதோடு, உங்கள் வீட்டாரும் அங்கேதானே இருக்கப்போகிறார்கள்? கச்சேரியில் கேட்பவர் கேட்பவராகவே இருந்துவிட வேண்டும். ஆராதனையில் அப்படி இல்லை. குழுவின் கேரல்களுக்கு இடையில் சபை முழுவதும் எழுந்து நின்று பாமாலையும் கீர்த்தனையும் பாடும். உங்கள் மாவட்டத்திலேயே பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல் ஒன்று இடம்பெற்றால், மஸ்கட்டில் எத்தனை ஆண்டுகள் கழித்திருந்தாலும் உங்கள் தம்பிக்குப் புத்தகம் தேவைப்படாது. அம்மாவை, ஆல்ட்டோ வரிசை கண்ணில் படும் பக்கத்தில், நடைபாதையை ஒட்டி உட்கார வைக்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்க முடியாவிட்டாலும் மற்றவர்களின் முதுகு மறைக்காமல் உங்களைப் பார்ப்பார்.

ரவுண்ட்ஸை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு மணி வரை காத்திருக்கும் வீடுகளை அறிவேன். ஆனால் அங்கே தேவைப்படுவது உற்சாகம்; கிட்டாரும் டிரம்மும் முழங்க எல்லோரும் மெட்டையேதான் பாடுகிறார்கள், அதை வாலிபர்கள் நன்றாகவே செய்வார்கள். மார்கழிப் பனியில் தெருத்தெருவாக உரக்கப் பாடிவிட்டு வந்தால் ஞாயிறு காலையில் உங்களுக்குக் குரலும் இருக்காது. அந்த இரவில் குழு உங்கள் வீட்டுக்கும் வரும் அல்லவா? இம்முறை உள்ளே அம்மாவோடு இருந்து நீங்கள் கதவைத் திறங்கள்.

கூட்டு நிகழ்ச்சியைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் இருக்கலாம். நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கும்போது, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது என்று கொயர் மாஸ்டர் சொல்லித் தந்திருப்பார். ஒருவர் ஒலியை மெல்லத் தணித்து, மூச்சு எடுத்து, அதே மென்மையோடு மறுபடியும் உள்ளே வருவார். அதுவரை பக்கத்திலிருப்பவர்கள் பிடித்திருப்பார்கள், கேட்பவருக்கு எங்கும் அறுபடாது. பல சபைகள் கூடும் மேடையில் ஆல்ட்டோ பாட நிறையப் பேர் இருப்பார்கள். ஞாயிறு மாலை அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். இதை வரப்போகும் பிராக்டிஸிலேயே, காரணத்தையும் சேர்த்து, கொயர் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்தால்தான் அவருக்குச் சிரமம்.

ஆக, சனிக்கிழமை ஆராதனை முடிந்ததிலிருந்து மறுநாள் காலை வரையும், ஞாயிறு மதியத்திலிருந்து தம்பி கிளம்பும் வரையும் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். முந்திரிக்கொத்தை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாசிப்பயற்றை வறுத்து இடித்து முன்னமே வைத்துவிட்டால், பாகு காய்ச்சும் பதத்தை அம்மா உட்கார்ந்தபடியே பார்த்துச் சொல்வார். சூடு ஆறுவதற்குள் உருட்டப் பல கைகள் வேண்டும், தம்பியின் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையிலேயே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ப் புகை தொண்டையைப் பிடித்துக்கொண்டால் மாலையில் பாட முடியாது.