மனைவி ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறார். மகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 36. தனியார் நிறுவனத்தில் கணக்கர் வேலை. மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்து ஐ.சி.யு.வில் பணியாற்றுகிறார். ஜெர்மன் மருத்துவமனை ஒன்றின் நேர்காணலில் தேர்வாகிவிட்டார். கோதே பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் எழுத்துப் பகுதியில் மட்டும் தவறிவிட்டார்; அது மட்டும் பாக்கி. நான் தடுக்கவில்லை. ஆனால் நான்கு வயது மகளை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. "தாய் இருக்கும்போதே தாயில்லாப் பிள்ளை ஆக்கப் பார்க்கிறாள்" என்று என் அம்மா தினமும் புலம்புகிறார். மனைவி ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சமையலறையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தேறாமல் போனால் நல்லது என்றும் சில நேரம் தோன்றுகிறது. விசாவைச் சீக்கிரம் முடித்துத் தர ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மனைவி தேறாமல் போனால் நல்லது என்று பிரிவை நினைத்துப் பயப்படும் யாருக்கும் தோன்றலாம்; அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் பதினோரு மணிக்குத்தான் அவரால் புத்தகத்தைத் திறக்க முடிகிறது என்றால், நீங்கள் தடுக்காவிட்டாலும் வீட்டு வேலை தடுக்கிறது. பி2 வரை எட்ட 600 முதல் 800 பாடவேளைகள் தேவை. கேட்டல் பகுதியைப் பஸ்ஸில்கூடப் பழகலாம். எழுத்துக்கு இடையூறில்லாத இரண்டு மணி நேரமும் அசதி இல்லாத மூளையும் வேண்டும். அவர் தவறியதும் அதில்தான். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதி 60 சதவீதம் எடுத்தால் போதும்.

எனவே இன்று முதல் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை வீடு உங்கள் பொறுப்பு. "என்ன சமைக்கட்டும், மகள் துணி எங்கே இருக்கிறது" என்று அவரிடம் போய்க் கேட்காமல் நீங்களே முடிக்க வேண்டும். மகளுக்கும் இதுதான் ஒத்திகை. முதலில் இரவுச் சாப்பாடு, இரண்டு வாரம் கழித்துக் குளியல், கடைசியாகத் தூங்க வைப்பது என ஒவ்வொன்றாக உங்கள் கைக்கு மாறட்டும். எல்லாம் ஒரே நாளில் மாறினால் நான்கு வயதுக் குழந்தை தாங்காது.

பயணத்தை இரண்டு வாரம் முன்பே மகளிடம் சொல்லுங்கள். தூங்கும்போது கிளம்பிப் போவதை மட்டும் செய்யவே கூடாது. விழித்ததும் அம்மா இல்லை என்றால் அடுத்த பல இரவுகள் கண்ணை மூடவே பயப்படுவாள். போன பிறகு படுக்கையை நனைப்பது, உங்களை விடாமல் ஒட்டிக்கொள்வது, வீடியோ காலில் அம்மா முகத்தையே பார்க்க மறுப்பது எல்லாம் வரலாம். முகத்தைத் திருப்பிக்கொள்வது பாசம் போனதற்கு அடையாளம் அல்ல. பார்த்தால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும். வற்புறுத்தாமல் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு விளையாட விடுங்கள், அம்மா சும்மா பேசிக்கொண்டிருக்கட்டும். "அழுதால் அம்மா வர மாட்டாள்" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

அழைக்கும் நேரத்தை ஷிப்ட்டை வைத்துத் தீர்மானியுங்கள். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். காலை ஷிப்ட் மதியம் இரண்டு மணி வாக்கில் முடிந்தால், நம் மாலை ஏழரை மணி சரியாக வரும். மாலை ஷிப்ட் வாரங்களில் அவர் கிளம்புவதற்கு முன்பு, நம் பிற்பகல் மூன்று மணிக்குப் பேசலாம். வாரா வாரம் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பணத்தால் வரும் சண்டையையும் இப்போதே தவிர்த்துவிடுங்கள். மனைவியின் இந்திய நர்சிங் தகுதிக்கு ஜெர்மனியில் முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவி நர்சுக்கான சம்பளம்தான். அதற்குள் அங்குள்ள முறைக்குப் பழக்கும் தழுவல் பயிற்சியோ, நர்சிங் அறிவைச் சோதிக்கும் தேர்வோ முடிக்க வேண்டியிருக்கும். முதல் வருடம் அவர் அனுப்பும் பணத்தை நம்பிக் கடனோ நகைச்சீட்டோ போடாதீர்கள். நீங்களும் மகளும் சேர்ந்து வாழப் போவதற்கு அங்கே போதிய வருமானம் காட்டியாக வேண்டும். அதற்கான நாளை உறவினர்களிடம் முன்கூட்டி அறிவிக்க வேண்டாம்.

ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விசா முடிவு தூதரகத்தின் கையில். இந்தியாவில் பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சந்தேகத்துக்குச் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள், மனைவி அல்ல. "இது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். மறுபடி புலம்பினால் வாதாடாமல் பேச்சை மாற்றுங்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவரால் எத்தனை மணி நேரம் முடியும் என்று கேளுங்கள், மீதிக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். முடிவெடுப்பதில் இடம் கிடைக்காத பெரியவர்கள்தான் அதிகம் புலம்புவார்கள்.

உங்கள் தூக்கத்தையும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மகள் ஒரு மாதத்துக்கு மேலும் சரியாகச் சாப்பிடாமல், விளையாடாமல் இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.