மூளைக்குள் நேராக மருந்து: கேள்வி பதில்

கவிதா: டாக்டர், என் சித்தப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய். மற்ற புற்றுநோய்களுக்கு ரத்தக்குழாய் வழியாகத்தானே மருந்து ஏற்றுகிறார்கள்? மூளைக்கு மட்டும் ஏன் போதவில்லை?

மூளையின் ரத்த நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் நெருங்கி ஒட்டியிருக்கும். பெரிய மூலக்கூறுகள் அநேகமாக உள்ளே நுழையவே முடியாது. டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறு சிறியது, ஓரளவு நுழைந்துவிடும். 2005-இல் வந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு அதையும் கொடுத்தபோது பாதி நோயாளிகள் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இந்தச் சின்ன வித்தியாசத்தில் எங்களுக்கு மனம் ஆறவே இல்லை.

ஆறுமுகம்: ஆபரேஷன் செய்யும்போதே மருந்தை உள்ளே வைத்துவிட்டால் என்ன சார்?

வைக்கிறார்கள். கார்முஸ்டின் என்ற மருந்து கலந்த கிளையடெல் வில்லைகளுக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. கட்டி இருந்த குழியின் சுவரில் எட்டு வில்லை வரை பதிக்கலாம். ஆனால் மருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக ஊறாது. கட்டியோ பெரும்பாலும் அந்த விளிம்பை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் மறுபடி தலைதூக்கும்.

நஸ்ரின்: மெல்லிய குழாய் செருகி மருந்து செலுத்துகிறார்களாமே?

அதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்வைத்த முறை. மருந்து தானாக ஊறட்டும் என்று விடாமல், லேசான அழுத்தத்தில் தள்ளுகிறோம். நிமிடத்துக்கு ஐந்து மைக்ரோலிட்டர் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு. அப்படியே மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். அவசரப்பட்டால் மருந்து குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே திரும்பி மேலே வந்துவிடும், கட்டிக்குப் போய்ச் சேராது. இம்முறையில் செலுத்திய ஒரு மருந்தைக் கிளையடெல்லோடு ஒப்பிட்ட பிரிசைஸ் ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது, ஆயுள் கூடவில்லை. ஆனால் பல குழாய்கள் சரியான இடத்தில் அமையவில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. அதை வைத்து அந்த மருந்தையே குறைசொல்ல மாட்டேன்.

பெயர் வேண்டாம்: வலிக்குமா?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வீக்கம், வலிப்பு, ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, இவைதான் கவலை.

ஒரு தாய்: என் மகனுக்கு மூளைத்தண்டில் கட்டி. எடுக்க முடியாது என்கிறார்கள்.

அம்மா, அந்த இடத்தில் கத்தி வைத்தால் மூச்சு, விழுங்குதல் எல்லாமே பாதிக்கும். முதல் சிகிச்சை கதிர்வீச்சுதான், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தகைய குழந்தைகளுக்குக் குழாய் வழியே மருந்து செலுத்தி நியூயார்க்கில் நடந்த முதற்கட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. பெரிய ஆபத்தில்லாமல் செய்ய முடியும் என்று காட்டியது. குணமாகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அப்படி ஓர் ஆய்வில் சேரச் சொன்னால், மருந்து எதுவரை பரவுகிறது என்பதை எம்ஆர்ஐ-யில் பார்த்துக்கொண்டே செலுத்துவார்களா என்று முதலில் கேளுங்கள்.