ராட்சச ட்யூபாவும் காதுக்கு எட்டாத சுரமும்

அன்புள்ள சார்,

மகள் பாஸ்டனில் இருக்கிறாள். போன மாதம் அங்கே இருந்தபோது, கேம்பிரிட்ஜில் ஹார்வர்டு பல்கலைக்கழக பேண்ட் வைத்திருக்கும் ராட்சச ட்யூபாவை, அதாவது அடிக்குரலில் முழங்கும் சுருண்ட பித்தளை ஊதுவாத்தியத்தைப் பார்த்தோம். போட்டோவில் அதன் பக்கத்தில் நான் சின்னப் பையன் மாதிரி நிற்கிறேன். பேண்டில் வாசிக்கும் ஒரு பெண் ஊதியும் காட்டினாள். எனக்கு ஒரே சந்தேகம்: இது நிஜ வாத்தியமா, இல்லை செருப்புக் கடை வாசலில் வைக்கிற ஆளுயரச் செருப்பு மாதிரி வேடிக்கைப் பொருளா?

ர., கோவை

அன்புள்ள ர.,

இரண்டும்தான். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு முறை கேம்பிரிட்ஜ் போயும் அதைப் பார்க்காமல் திரும்பியவன். ஒரு தடவை குளிர், இன்னொரு தடவை சுத்த சோம்பேறித்தனம்.

அதைச் செய்தது பெஸ்ஸான், பித்தளை வாத்தியங்களில் பழைய, பெரிய பெயர். ட்யூபா என்ற வாத்தியம் அவ்வளவு பழையதில்லை, 1835இல் பெர்லினில் வீப்ரெஷ்ட், மோரிட்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கியது, வயலினுக்குப் பக்கத்தில் வைத்தால் நேற்றுப் பிறந்த பிள்ளை. பிறந்ததிலிருந்தே, இன்னும் கொஞ்சம் கீழே போக முடியுமா என்ற ஆசை அதைச் செய்கிறவர்களை விடவில்லை. கீழே போக ஒரே வழி குழாயை நீட்டுவது. பேண்டில் சாதாரணமாகப் பார்க்கிற பெரிய ட்யூபாவின் சுருளைப் பிரித்தால் சுமார் 18 அடி வரும். இன்னொரு ஸ்தாயி கீழே வேண்டுமென்றால் 36 அடி. அங்கேதான் சிக்கல். 18 அடிக் குழாயின் அடிப்படை சுரம் விநாடிக்கு ஏறக்குறைய 29 அதிர்வு, 36 அடிக்கு அதில் பாதி, பதினைந்துக்கும் கீழே. மனிதக் காது 20க்குக் கீழே சுரமாகக் கேட்காது, தடதடவென்று தனித்தனி அடியாகத்தான் விழும். அதாவது அவ்வளவு பித்தளையையும் வளைத்துச் செய்து, கடைசியில் காதே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். நமக்குக் கேட்பதெல்லாம் அதற்கு மேலே எழும் துணைச் சுரங்கள்.

இன்னொன்று. ஊதிய காற்றின் அதிர்வு குழாய் முழுக்க ஓடி, நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அந்த விரிந்த வாய் வரை போய்த் திரும்பி வந்து உதட்டைப் பிடித்துக்கொண்டால்தான் சுரம் நிற்கும். 36 அடி போய் 36 அடி வர, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். வேகமான பாட்டில் அதற்குள் பேண்ட் அடுத்த சுரத்துக்கு நகர்ந்திருக்கும்!

சாதாரண ட்யூபாவை நான் ஒரு தடவை ஊதியிருக்கிறேன், நியூஜெர்சியில் நண்பர் வீட்டில், அவர் பையன் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது. மடியில் வைத்தால் எருமைக் கன்று உட்கார்ந்த மாதிரி. ஊதுவாய்க்குள் என் இரண்டு உதடும் மீசையோடு போய்விட்டன. மூச்சையெல்லாம் கொடுத்தேன், ஒரு ஏப்பம் வந்தது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், ஊதாதீங்க, உதட்டை பர்ர்ருனு அதிர விடுங்க" என்றான். அப்புறம் ஒரு சுரம் வந்தது, காதில் இல்லை, தொடையில். பிறகு அவன் ஒரு சின்ன நெம்பை அழுத்தி உள்ளே சேர்ந்திருந்த என் எச்சில் தண்ணீரை ஒரு துண்டில் வடித்தான். மானம் போயிற்று.

சரி, உபயோகமில்லாததை ஏன் வைத்திருக்கிறார்கள்? மாணவர் பேண்ட் என்பதால்தான் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்கி வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா இதை என்றைக்கோ பழைய பித்தளை விலைக்குப் போட்டிருக்கும். டெக்சஸ் பல்கலைக்கழக பேண்டின் 'பிக் பெர்த்தா' முரசைப் பாருங்கள். 8 அடி விட்டம், 1922இல் கான் என்ற வாத்தியக் கம்பெனி சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு, கால்பந்து மைதானத்தில் முழங்குவதற்காகச் செய்தது. சிகாகோ கால்பந்தை விட்டதும் மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். 1942இல் அதே படிக்கட்டுகளுக்கு அடியில்தான் முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்தது! முரசில் கதிர்வீச்சு ஏறி, 1950களில் ஒரு டெக்சஸ்காரர் அதை ஒரு டாலருக்கு வாங்கி, சுத்தம் செய்து ஆஸ்டினுக்குக் கொண்டுபோனார். கதிர்வீச்சு ஏறிய முரசுக்கு ஒரு டாலர் கொடுக்க, கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர் ஒன்று வேண்டும். ட்யூபா விஷயமும் அந்த வகைதான்.

நீங்கள் முக்கியமானதை எழுதவில்லையே. அந்தப் பெண் ஊதியபோது நீங்கள் எவ்வளவு தள்ளி நின்றீர்கள், சட்டைப் பொத்தான் அதிர்ந்ததா? அந்த போட்டோவையும் அனுப்புங்கள்.